கீறல் விழுந்த தகடு

எங்கள் கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்கு இன்றும் குறுந்தகடுகள் வருகின்றன. பெரும்பாலும் கல்யாணப் படங்கள். ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தோடு கொடுத்தவை. வேறு பிரதி எங்கும் இருக்காது. கொண்டுவருகிறவர் பளபளக்கும் பக்கத்தைக் காட்டி, "இவ்வளவு கீறல் விழுந்திருக்கிறதே, ஏதாவது கிடைக்குமா சார்?" என்று கேட்பார். நான் தகட்டைத் திருப்பி, பெயர் எழுதிய பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய அவ்வளவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பதிவைத் தாங்கும் சாயமும் உலோகப் படலமும் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய பூச்சு ஒன்றின் அடியில் இருக்கின்றன. பளபளக்கும் பக்கத்துக் கீறல் லேசரின் வழியை மறைக்கும், பதிவைத் தொடாது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தாலோ, ஒட்டிய லேபிளைப் பிய்த்திருந்தாலோ படலமே உரிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். அங்கே இருந்த படத்தை யாராலும் மீட்க முடியாது. டிவிடி இந்த வகையில் தேவலை: தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளின் நடுவே பதிவு பத்திரமாக இருக்கிறது.

கீறலின் திசையையும் பார்க்க வேண்டும். மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைக்கிறது. பதிவு சுருளாக ஓடும் தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் விட்டுப்போனாலும் சிடியின் பிழைதிருத்த முறை அதைக் கணக்கிட்டு மீட்டுவிடும். தடத்தோடு சேர்ந்து வளையும் கீறல்தான் கொடியது. வட்டமாகத் துடைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான். பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்க நான் முயல்வதில்லை. கெட்ட இடத்தில் முட்டியதும் கணினி அங்கேயே நின்றுவிடும். குனு டிடிரெஸ்க்யூ மென்பொருளைக் கொண்டு தகடு முழுவதையும் ஒரே பிம்பமாக, அதாவது அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக, எடுக்கிறேன். எளிதில் வருவதை அது முதலில் வாரிக்கொள்ளும். அடம்பிடிக்கும் பகுதிகளை 'மேப்' கோப்பில் குறித்துவைத்துப் பிறகு வரும். ஒரு டிரைவ் கைவிட்ட பகுதியை இன்னொரு டிரைவ் சளைக்காமல் படிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய டிரைவ்களை யார் எடைக்குப் போட்டாலும் நான் வாங்கிவைப்பது இதற்காகவே. தகட்டின் கோப்புப் பட்டியலே சிதைந்திருந்தால், பிம்பத்தை போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளிடம் கொடுப்பேன். கோப்பின் பெயர் தெரியாவிட்டாலும், ஜேபெக் படத்தின் தொடக்க பைட்டுகளை அடையாளம் கண்டு அது படங்களைப் பொறுக்கி எடுத்துவிடும்.

சில படங்கள் பாதியோடு நின்று, கீழே சாம்பல் நிறமாகிவிடும். அவற்றை நான் கழிப்பதில்லை. ஜேபெக் பெரும்பாலும் மேலிருந்து கீழாக விரிகிறது. கல்யாணப் படங்களில் முகங்கள் இருப்பதும் மேல்பாதியில்தான். தனி அடைவில் போட்டுக் கொடுக்கிறேன். வேண்டுமா வேண்டாமா என்பதை வீட்டார் முடிவு செய்யட்டும். கூடவே பிம்பத்தையும் மேப் கோப்பையும் பென்டிரைவில் பதிந்து, தகட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன். நாளை வேறொரு நல்ல டிரைவ் கிடைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.