மழைநீர்த் தொட்டியில் மாறாத ஊதா

ஐப்பசி மழைநீரை நிரப்பிய சிமென்ட் தொட்டியில் ஒரே வாரத்தில் ஒன்பது ரோகுக் குஞ்சுகள் செத்த பிறகுதான் நீரின் கடினத்தன்மையை அளக்க உட்கார்ந்தேன். பக்கத்துத் தொட்டியில் மன்னார்குடிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர். அதே தீவனமும், நீரைச் சுற்றவிடும் மோட்டாரில் அதே பித்தளை வால்வும் இருந்தும் அங்கே ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

50 மி.லி. நீரில் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைச் சேர்த்து, கடினத்தன்மை தரும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.-வின் 0.01 மோலார் கரைசலை, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டினேன். அவை முழுதும் பிடிபட்டதும் ஊதா நீலமாகும். கிணற்று நீர் 14.5 மி.லி.யில் தெளிந்த நீலமானது. அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 290 மி.கி. கடினத்தன்மை. தொட்டியின் மழைநீரோ ஊதாவிலேயே நின்றுவிட்டது. குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்து, துளிக்குத் துளி ஐந்து விநாடி காத்து, மூன்று மாலைகள் முயன்றும் நீலம் வரவில்லை. எரியோகுரோம் பிளாக் டி-யைத் தாமிரம் இறுகப் பற்றினால் நிறம் மாறாது என்பது நான்காம் நாள்தான் நினைவுக்கு வந்தது. உடனே, தொட்டியைத் தொடாத பீப்பாய் மழைநீரைச் சோதித்தேன், 1.3 மி.லி.யில் அழகாக நீலமானது. வெறும் 26 மி.கி.!

மென்மையான மழைநீர் பித்தளையிலிருந்து தாமிரத்தை எளிதில் கரைக்கிறது. அந்தத் தாமிரத்தைச் செவுளில் ஒட்டவிடாமல் போட்டியிடும் கால்சியமும் அதில் மிகக் குறைவு. காட்மியம் என்ற நச்சு உலோகம் ஒரு படி மேலே போய், செவுளில் கால்சியம் நுழையும் வழியாகவே உடலுக்குள் புகுகிறது.

கடினத்தன்மையைக் கூட்ட, 10 லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் இட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 58 மி.கி. உயரும். ஆனால் உரக்கடையில் கிடைப்பது பாஸ்பேட் உர ஆலையின் கழிவு ஜிப்சமாக இருந்தால், பாஸ்பேட் பாறையிலிருந்த காட்மியத்தின் ஒரு பகுதி அதனுடனேயே வரும். மூட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர் மழுப்பியது எனக்கு மிகுந்த வருத்தம். ஆகவே சுண்ணாம்புக் காளவாயிலிருந்து சுடாத கிளிஞ்சலை வாங்கி, நொறுக்கி, துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அது மெல்லத்தான் கரையும்.

அடுத்ததாக வயல் வடிகால் நீரில் கெண்டை வளர்க்க ஆசை. நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுகிறோம். அந்தத் துத்தநாகம் காட்மியத்தோடு போட்டியிட்டு அதன் நுழைவைக் குறைக்குமா, அளவு மிஞ்சித் தானே நஞ்சாகுமா என்று பார்க்க வேண்டும். அதற்குள் இந்தப் பித்தளை வால்வைக் கழற்றிப் பிளாஸ்டிக் வால்வைப் பொருத்தி, நீரை மாற்றி, மறுபடி பியூரெட்டை நிரப்ப வேண்டும்.