"எதிலாவது கையெழுத்துப் போட்டியா?"

2015 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போன என்னை கேட்டிலேயே நிறுத்தி, செக்யூரிட்டி ஒரு கவரைக் கொடுத்தார். சஸ்பென்ஷன் ஆர்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷினில் ஆபரேட்டராக எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். வேண்டுமென்றே 140 பீஸை ரிஜெக்ட் ஆக்கினேன், கேட்கவந்த சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன் என்று இரண்டு குற்றச்சாட்டுகள்.

பீஸ் ரிஜெக்ட் ஆனது உண்மைதான். ஆனால் டூல் எந்த அளவில் வெட்டவேண்டும் என்று மெஷினில் போட்டுவைக்கும் டூல் ஆஃப்செட் முந்தைய ஷிப்டிலேயே மாறியிருந்தது. சூப்பர்வைசரிடம் குரலை உயர்த்திப் பேசினேன், கெட்ட வார்த்தை பேசவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் சம்பள ஒப்பந்தத்துக்காக லைன் லைனாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருந்தேன். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் கிடையாது. போடாமலும் இருக்க முடியவில்லை.

இரண்டு நாள் வீட்டில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எச்.ஆர்.-லிருந்து போன். "எதுக்கு விசாரணை, வாய்தான்னு அலையணும்? ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க, கணக்கை நல்லபடியா முடிச்சு அனுப்புறோம்." குரலில் அப்படி ஒரு அக்கறை. உண்மையிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் கிளம்பினேன். போகும் வழியில் சங்க ஆபீஸில் ஏறினேன். டீக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. செயலாளர் ரிட்டயர்டு டர்னர், எழுபதை நெருங்கியவர். எல்லோருக்கும் அவர் 'தோழர்'. என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"எதிலாவது கையெழுத்துப் போட்டியா தம்பி?"

"இல்ல தோழர்."

"அப்ப உக்காரு. டீ சொல்றேன்."

அதுவரை மாதம் ஐம்பது ரூபாய் சந்தா கட்டியதோடு சரி. சங்கம் என்றால் கொடி, கேட் மீட்டிங், மே தின ஊர்வலம் என்றுதான் எனக்குத் தெரியும். அடுத்த பத்து மாதமும் நான் பார்த்தது காகிதம், காகிதம், காகிதம்.

சார்ஜ் ஷீட்டுக்கு விளக்கம் எழுதச் சொன்னார். இரவெல்லாம் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். பதினோரு வருட உழைப்பு, சூப்பர்வைசரின் குணம் எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டு முக்கால்வாசியை அடித்துவிட்டார். "இதுல பாதி அவங்களுக்கே சாட்சி. குரல் உசந்துச்சுன்னு நீயே ஏன் எழுதித் தர்றே?" கடைசியில் எட்டு வரி நின்றது: குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன், அன்றைய, முந்தைய ஷிப்டுகளின் புரொடக்‌ஷன் ரிப்போர்ட், செட்டிங் அப்ரூவல் நகல்கள் வேண்டும். அதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். கையில் கொடுத்தால் வாங்கவே இல்லை என்பார்களாம்.

முதல் மாதம் கம்பெனி ஒரு பைசா தரவில்லை. தராமல் இருக்க முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தமிழ்நாட்டில் பிழைப்பூதியத்துக்கென்றே 1981-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சஸ்பென்ஷனில் முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாள் முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போனது. பத்தாம் நாள் பணம் வந்தது. "நீயா வாய்தா கேட்டு இழுக்காதே. அவங்க இழுக்கட்டும், செலவு அவங்களுக்கு" என்றார் தோழர்.

செப்டம்பர் கடைசியில் உள்விசாரணை ஆரம்பித்தது. விசாரணை அதிகாரி ஒரு வக்கீல். அவருக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனி. அவரிடம் நியாயம் கிடைக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். நாளைக்கு வெளியே இன்னொருவர் படிக்கப்போகும் ரெக்கார்டு அங்கே உருவாகிறது, அதற்காகப் போகவேண்டும். எனக்கு உதவியாக சக தொழிலாளி ஒருவர் உட்கார்ந்தார்; எங்கள் பிளான்டிலேயே வேலை செய்கிற இணைச் செயலாளர். வெளியில் கலகலப்பான ஆள், உள்ளே பூனை மாதிரி. சூப்பர்வைசரிடம் அவர் கேட்டது மொத்தம் ஐந்தாறு கேள்விதான்.

"ஷிப்ட் ரிப்போர்ட் நீங்க எழுதுறதுதானே?"

"ஆமா."

"கையெழுத்து உங்களுதா?"

"ஆமா."

"திட்டினார்னு இதுல எங்க இருக்கு?"

சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்றார். அதை அப்படியே பதிவு செய்யச் சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் நாலு கேள்வி கேட்கலாமே என்று பரபரப்பு. "மறந்துட்டேன்னுட்டான். மேல கேட்டா ஞாபகம் வந்துடும்" என்றார் வெளியே வந்து. ஒவ்வொரு அமர்விலும் பக்கத்துக்குப் பக்கம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு நகல் வாங்கினோம். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்றாக இருந்தால் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்து.

டிசம்பர் முதல் வாரத்தில் வைத்திருந்த அமர்வை வெள்ளம் கொண்டுபோனது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மனைவி ரேஷன் கார்டையும் என் ஃபைலையும் ஒரே பாலிதீன் கவரில் போட்டுப் பரணில் ஏற்றினாள். அதுவரை அந்த ஃபைலை அவள் திட்டாத நாள் இல்லை.

விசாரணை அதிகாரி, எதிர்பார்த்தபடியே, குற்றச்சாட்டுகள் நிரூபணம் என்று அறிக்கை கொடுத்தார். 180 நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முழுச் சம்பளம் கொடுக்கவேண்டி வருமே என்ற அவசரமோ என்னவோ, 2016 ஜனவரி கடைசியில் டிஸ்மிஸ் ஆர்டர் வந்துவிட்டது. அழுகை வந்தது. தோழர் ஆர்டரை இரண்டு முறை படித்துவிட்டு, "இதோட ஒரு மாசச் சம்பளத்துக்கு செக் ஏதாவது வந்துதா?" என்று கேட்டார். வரவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு.

எங்கள் சம்பள உயர்வுக் கோரிக்கை அப்போது தொழிலாளர் துறையில் சமரச அதிகாரி முன் நிலுவையில் இருந்தது. அப்படி ஒரு பேச்சுவார்த்தை நடக்கும்போது, அதோடு சம்பந்தமில்லாத குற்றத்துக்காக ஒருவரை டிஸ்மிஸ் செய்வதென்றாலும், ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அதே அதிகாரியிடம் ஒப்புதல் மனு போடவேண்டும். தொழில் தகராறுச் சட்டம் 33(2)(பி). இதைச் செய்யாவிட்டால் அந்த டிஸ்மிஸ் செல்லாது என்று 2002-ல் ஜெய்ப்பூர் நிலவள வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். லைன் லைனாகப் போய் நான் கையெழுத்து வாங்கிய அந்தக் கோரிக்கை மனுதான் எனக்கே குடையாக நின்றது.

டிஸ்மிஸை எதிர்த்து அதே சட்டத்தின் 2-ஏ பிரிவில் மனு போட்டோம். சமரச அதிகாரியிடம் முதல் இரண்டு தேதிக்கும் நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை, டைம் கேட்டுக் கடிதம்தான் வந்தது. காத்திருந்த வராந்தாவில் தோழர் பெரம்பூர் கதை சொல்லுவார். 1918-ல் அங்கே மில் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் நின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. மில் முதலாளிகள் ஹைகோர்ட்டுக்குப் போய் அந்தச் சங்கத் தலைவர்கள் மேலேயே தடை வாங்கியது. அந்த அடியிலிருந்துதான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. மூன்றாவது முறை சொன்னபோது நான் தூங்கிவிட்டேன்.

மனு போட்டு 45 நாள் கடந்தால் சமரசம் முடியாவிட்டாலும் நேராக லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். போகப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஜி.எம். நேரில் வந்தார். ஜூனில் சமரச அதிகாரி முன்னிலையில் 12(3) பிரிவுப்படி ஒப்பந்தம் கையெழுத்தானது. சர்வீஸ் தொடர்ச்சியோடு திரும்ப வேலை. டிஸ்மிஸ் ஆன மாதங்களுக்குப் பாதிச் சம்பளம். ஒரு இன்கிரிமென்ட் கட்.

அந்த இன்கிரிமென்டுக்காகத் தோழரோடு சண்டை போட்டேன். டிஸ்மிஸே செல்லாது என்றால் நான் ஏன் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்? "கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்கலாம் தம்பி. என்னைக்குங்கிறதுதான் கேள்வி. லேபர் கோர்ட்டு, ஹைகோர்ட்டு... உன் பொண்ணு காலேஜே முடிச்சுடுவா." பெண் அப்போது ஒன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் சர்வீஸ் தொடர்ச்சியை மட்டும் அவர் விடவே இல்லை. அது போயிருந்தால் கிராஜுவிட்டிக்கு என் பதினோரு வருடமும் சிக்கலாகியிருக்கும்.

இப்போது நானும் சில பேருக்கு விசாரணையில் உதவியாக உட்காருகிறேன். மேலே சொன்ன பிரிவு எண்கள் பழைய 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தவை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் எண்களும் கெடுக்களும் மாறியிருக்கின்றன. அதனால் இதை நம்பி மனு எழுதாமல், சங்கத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அந்த 140 பீஸ் ஓடிய அன்று என் மெஷினில் ஹெல்பராக ஒரு பையன் இருந்தான். கான்ட்ராக்ட். எனக்குக் கவர் வந்த அன்றே அவனை "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் திரும்ப வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, பாடி மேம்பாலத்துக்குக் கீழே அவனைப் பார்த்தேன். கேஸ் என்னாச்சு அண்ணே என்று கேட்டான், சொன்னேன். நம்முடைய மாநிலத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சட்டம் இருக்கிறது, நீ எத்தனை நாள் வேலை செய்தாய் என்று விசாரித்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றான். அதற்குள் கான்ட்ராக்டர் பெயர் மூன்று முறை மாறியிருந்தது.

"சம்பளச் சீட்டு, கேட் பாஸ் ஏதாவது வச்சிருக்கியா?"

"கேட் பாஸை அன்னைக்கே வாங்கி வச்சுக்கிட்டாங்கண்ணே. சீட்டெல்லாம் ஏது?"

பர்ஸைத் துழாவி, மடித்து வைத்திருந்த ஈ.எஸ்.ஐ. சீட்டை எடுத்துக் காட்டினான். நம்பரை மட்டும் குறித்துக்கொண்டேன்.