குறுக்கே பேசுவதுதான் என் வேலை

வீட்டிலிருந்து நீதிமன்ற ஸ்டெனோ வேலை பார்க்கிறேன் என்றால், "அப்போ நாள் முழுக்க டைப் அடிப்பீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். டைப் அடிப்பது வேறு, இது வேறு. ஸ்டெனோ மெஷினில் இருப்பதே 22 விசைகள்தான். இடது கை அசையின் முதல் மெய்யைப் பார்த்துக்கொள்ளும், கட்டைவிரல்கள் உயிரை, வலது கை கடைசி மெய்யை. எல்லாம் ஒரே அழுத்தில். நீதிமன்றத்தில் அடிக்கடி வரும் தொடர்களுக்கு ஒவ்வொருவரும் சொந்தமாகச் சுருக்கம் வைத்திருப்போம். அமெரிக்காவில் சான்றிதழ் வாங்க, கேள்வி பதில் நடையில் நிமிடத்துக்கு 225 சொற்களை 95 சதவீதத் துல்லியத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். விரல்கள் அதற்கு ஒருநாள் பழகிவிடும். வீட்டில் உட்கார்ந்து செய்யும்போது பாடாய்ப்படுவது காதுதான்.

எனக்கு வருவதில் பெரும்பகுதி டெபொசிஷன். வழக்கு நீதிபதி முன் போவதற்கு முன்பே, சாட்சியைச் சத்தியம் செய்யவைத்து இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்வி கேட்பது. சத்தியம் செய்துவைப்பதும் நான்தான், கேமரா வழியாக. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி ஒரு சாட்சியை ஒரே நாளில் 7 மணி நேரம் வரை கேட்கலாம். 7 மணி நேரமும் ஹெட்ஃபோன்.

ஒரே அறையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால்கூட, உதட்டைப் பார்த்து, குரல் வரும் திசையைப் பார்த்து இரண்டையும் பிரித்து எழுதிவிடலாம். வீடியோ அழைப்பில் அது நடக்காது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் நுழைந்தால், மென்பொருளே யாராவது ஒருவரின் குரலை அமுக்கிவிடும். அது பெரும்பாலும் எங்கே நடக்கும் தெரியுமா? சாட்சி "ஆம்" என்று சொல்லும் அதே நொடியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "ஆட்சேபணை" என்பார். எனக்கு ஆட்சேபணை மட்டும் கேட்கும். பதில் ஆமா, இல்லையா? வழக்கே அதில் இருக்கலாம். "மன்னிக்கவும், சாட்சியின் பதில் எனக்குக் கேட்கவில்லை" என்று நான் வாயைத் திறப்பதற்குள், இணையத் தாமதத்தில் அடுத்த கேள்வி பாதி ஓடியிருக்கும். கையைத் தூக்கிக் காட்டலாம்தான். ஆனால் திரையில் ஏதாவது ஆவணத்தைப் பகிர்ந்துவிட்டால் என் முகம் மூலையில் ஒரு தபால்தலை. யார் பார்க்கப்போகிறார்கள்?

அதனால் குரலை உயர்த்தியே குறுக்கிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. தலையசைப்பும் அப்படித்தான். பதிவில் தலையசைப்பு ஏறாது, வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். எண்கள் இன்னும் மோசம். மட்டமான மைக்கில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒரே மாதிரிதான் விழும். மருத்துவ வழக்கில் பேச்சு மருந்தின் அளவைப் பற்றியது என்றால் ஊகத்துக்கு இடமே இல்லை. "ஒன்று ஐந்தா, ஐந்து பூஜ்யமா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

அறை விஷயம் எளிது: கம்பி வழி இணையம், அது போனால் தொலைபேசியில் சேர எண், மெஷினுக்குள் ஒரு நினைவு அட்டை, மடிக்கணினியில் தனியாக ஒலிப்பதிவு, பூட்டிய கதவு. கதவு அமைதிக்காக மட்டுமல்ல. யாரோ ஒருவரின் விவாகரத்தும் நோய்க் குறிப்பும் என் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது மற்றவர் காதில் விழக்கூடாது.

அழைப்பு முடிந்தால் வேலை முடிந்தது என்று வீட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்புறம்தான் பாதி வேலையே. ஸ்டெனோ மென்பொருள், என் சுருக்கங்களைச் சேர்த்துவைத்த அகராதியைப் பார்த்து, நான் அடித்ததைச் சொற்களாக மாற்றித் தந்திருக்கும். அகராதியில் இல்லாத ஊர்ப்பெயர், மருத்துவர் பெயர், இயந்திர உதிரிபாகம் எல்லாம் வெறும் அசைகளாகக் கொட்டிக்கிடக்கும். ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இதற்கென்றே ஸ்கோபிஸ்ட் என்று ஒரு தனித்தொழில் உண்டு, அவர்களும் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். ஆனால் கடைசியில் துல்லியம் என்று கையெழுத்துப் போடுவது நான். அதனால் அவர்கள் திருத்தியதையும் ஒருமுறை படிக்காமல் அனுப்ப மாட்டேன். கூலி பெரும்பாலும் பக்கக் கணக்கில் வரும். வேகமாகப் பேசும் சாட்சியால் வருமானம் கூடும், மணிக்கட்டு போகும்.

வழக்கறிஞர் யாராவது இதைப் படித்தால் ஒரு கோரிக்கை. சொந்தமாகக் கேள்வி கேட்கும்போது நிதானமாகத்தான் பேசுகிறீர்கள். ஆவணத்தைக் கையில் எடுத்து வாசிக்க ஆரம்பித்தால் மட்டும் எல்லோருக்கும் சக்கரம் முளைத்துவிடுகிறது. வாசிக்கப்போகும் பக்கங்களை முதல் நாளே எனக்கு அனுப்பிவிடுங்கள். பெயர்களை அகராதியில் ஏற்றி வைத்துக்கொள்கிறேன், உங்களை நடுவில் நிறுத்துவதும் குறையும்.