புலப்படத்தில் மட்டும் ஓடிய கால்வாய்

மழை நன்றாகப் பெய்தாலும் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வராது. கரைமேல் நின்று பார்த்தால் மேற்கே வயலெல்லாம் வெள்ளக்காடாக இருக்கும். ஏரிக்குள் வேலிக்காத்தான்தான் தளதளவென்று நிற்கும். வரத்துக் கால்வாயை நடுவில் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். யார் என்பதும் ஊருக்கே தெரியும். டீக்கடையில் பேசுவதோடு சரி.

நான் முதலில் எழுதிய மனுவை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. 'ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்' என்று இரண்டு பக்கம் பொங்கி எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தேன். அது ஓர் அலுவலகத்துக்குப் போனது. 'இது எங்கள் ஏரி இல்லை' என்றார்கள். பொய்யில்லை. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம்; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். எங்களுடையது சின்ன ஏரி. கால்வாய் ஓடும் நிலமோ வருவாய்த் துறைக் கணக்கில். இவ்வளவும் புரிய ஐந்து மாதம் ஓடிவிட்டது.

வழி சொன்னவர் ஓய்வுபெற்ற விஏஓ ஒருவர். "ஏரி ஏரின்னு எழுதாதீங்க தம்பி. கால்வாய்க்குத் தனி சர்வே நம்பர் இருக்கும், அதைப் போடுங்க" என்றார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்க் கணக்கு) புலப்படமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) கேட்டேன். 30 நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. பதிவேட்டில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்றே இருந்தது.

அப்புறம் அக்டோபர் 2 கிராம சபை. தீர்மானத்தில் 'நீர்நிலைகள் பாதுகாக்கப்படும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதப் பார்த்தார்கள். சர்வே எண்ணைச் சேர்த்து எழுதி, வாசித்துக் காட்டும்வரை நாங்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்த நகலை வைத்துத்தான் தாசில்தாரிடம் அளவீடு கேட்டோம்.

இரண்டு தேதி தள்ளிப்போய், மூன்றாவது தேதியில் சர்வேயர் வந்தார். எல்லைக் கல்லைக் காணோம். காலையிலிருந்து பதினொரு மணிவரை தேடினோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா ஒருவர் நின்று, "எங்க மாமனார் அந்தக் கல்லுலதான் அரிவாள் தீட்டுவாரு" என்று எருக்குப்பையைக் காட்டினார். கடப்பாரை இரண்டடி இறங்கியதும் ணங் என்றது. அந்தக் கல்லிலிருந்து டேப் பிடித்தால் மேடு முழுக்கக் கால்வாய்க்குள். ஒரு மோட்டார் கொட்டகையும் கால்வாய்க்குள். எங்கள் வரப்பும் மூன்றடி உள்ளே! என் தாத்தா காலத்து வேலையாக இருக்கலாம். சர்வேயர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மறுநாளே ஆள் வைத்து வெட்டிவிட்டேன். வேறு எந்த முகத்தோடு அடுத்த மனு கொடுப்பது?

1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவு நோட்டீஸ் போனது. கோடையில் ஜேசிபி வந்து ஒரே நாளில் மேட்டை எடுத்துவிட்டது. கொட்டகைக்காரர் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். அந்த இடத்தில் கால்வாய் இன்னும் பாதி அகலம்தான்.

ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தது. கலங்கல் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) வழியவில்லை, மதகின் இரண்டாவது படிவரைதான் ஏறியது. வழக்கு அடுத்த மாதம் வாய்தா. புலப்படத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.