எத்தனை ராத்திரி

நவம்பர் 19
கனடாவிலிருந்து அண்ணன் டிக்கெட் போட்டாச்சு. டிசம்பர் 22 அதிகாலை கட்டுநாயக்க ஏர்போர்ட், ஜனவரி 4 திரும்பப் பயணம். மொத்தம் 13 ராத்திரி. வீட்டில் ஏழு, கடற்கரையில் ஆறு என்று பேச்சு. அம்மா கலண்டரில் ஏழு கட்டத்துக்கும் மஞ்சள் பூசிவிட்டார்.

நவம்பர் 23
மழை. கம்பளி காயவில்லை.

நவம்பர் 28
பாசிக்குடாவுக்குப் போகலாமே என்கிறார் அண்ணி. யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள், முழங்கால் தண்ணீரில் கண்ணாடி மாதிரிக் கடல். அது மே முதல் செப்டம்பர் வரைக்குமான கடல். இப்போது வடகீழ்ப் பருவம், இரண்டு நாளாக டிவியில் கிழக்கு முழுக்க வெள்ளம்தான். மார்கழி, தையில் காய்கிறது தெற்கும் மேற்கும். மே மாதம் தென்மேல் மழை பிடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் கடல் சாது. இதை மூன்று வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். அங்கே காலை எட்டு என்றால் இங்கே மாலை ஆறரை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் கேட்டுவிட்டு அண்ணி ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அவ்வளவுதான்.

டிசம்பர் 1
வீட்டில் ஐந்து ராத்திரி. ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 4
சுடுதண்ணி மெஷின் மாட்டியாச்சு. ஆன் பண்ணினால் லயம் முழுக்க, வரிசை வீடு எல்லாவற்றிலும், கரண்ட் போகிறது. நாலாவது வீட்டுக்காரர் டோர்ச்சோடு வந்து, "கனடாக்காரன் வாரதுக்குள்ள எங்களயெல்லாம் இருட்டுல விட்டுருவ போல, டீச்சர்" என்று சிரித்தார். பழையபடி பெரிய தேக்சாவில் தண்ணீர் வைத்து ஊற்றிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டு.

ஆறு கம்பளியையும் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருக்கிறோம். காய்கிறது, ஆனால் புகை வாடை. இந்த வாடை அண்ணிக்கு ஆகுமா என்று அம்மா நாலு தடவை கேட்டுவிட்டார்.

டிசம்பர் 8
ரூமை அண்ணனே போட்டுவிட்டார். ஹிக்கடுவ.

நான் உனவட்டுன சொன்னேன், மிரிஸ்ஸ சொன்னேன். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்க நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை படகு போகும், மூத்தவன் அதற்கு உயிரையே விடுவான். எதற்கும் பதில் இல்லை. இன்றைக்கு மேப் மட்டும் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ரயில் பாதை, அதற்கு இந்தப் பக்கம் காலி ரோட்டு, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அந்த கெஸ்ட் ஹவுஸ். விரலை வடக்கே நகர்த்தினால் பெரேலிய என்ற பெயர் வருகிறது. சுனாமியில் ரயிலோடு ஆயிரத்துக்கு மேல் சனம் போன இடம். மேப்பை மூடிவிட்டேன்.

அண்ணன் அப்போது வேலை செய்த கடை இருந்தது எங்கே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு ஞாயிறு, பௌர்ணமிப் போயா லீவு வேறு, கடை பூட்டு, பின்னால் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன் என்பார். அதோடு நிறுத்திவிடுவார். மூன்றாம் நாள் சாயந்திரம் தேயிலை ஸ்டோர் ரோட்டில் அவர் நடந்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது 11 வயது. முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். ஒரு செருப்பு நீலம், ஒன்று மண் நிறம். இரண்டுமே இடது கால் செருப்பு.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். விறகைத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டார். ராத்திரி ரொட்டியில் உப்பு இல்லை.

டிசம்பர் 9
பெட்டியில் தேடினேன். செருப்பு அங்கேதான் இருக்கிறது, சிலிசிலி பேக்கில் சுற்றி, தாத்தாவின் சிட்டிசன் பேப்பருக்குக் கீழே.

டிசம்பர் 14
போயா. சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டது. எட்டு மணிக்குப் பனி விலகி, மலைக்குப் போகிற லைட் வரிசை உச்சி வரைக்கும் தெரிந்தது. பேரனைக் கூட்டிக்கொண்டு ஏறுவதாக அம்மாவுக்கு நேர்த்தி. 2243 மீற்றர், இந்த முழங்காலோடு! அண்ணனுக்கு லைட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். கறுப்பாகத்தான் விழுந்தது.

வீட்டில் மூன்று ராத்திரி என்றார். மூன்றில் மலை ஏது?

டிசம்பர் 16
விசாவுக்குப் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 50 டொலர். "பொறந்த வீட்டுக்கு வரவும் காசு கட்டணும், தங்கச்சி" என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று ராத்திரிக்கு வருகிறவர் விருந்தாளிதானே என்று வாய் வரைக்கும் வந்தது.

டிசம்பர் 17
நேற்று எழுதியது தப்பு.

அவர் அனுப்பாவிட்டால் இந்தக் கூரைத் தகரம் ஏது, என் ட்ரெய்னிங் ஏது. தப்புதான். ஆனாலும் மூன்று.

டிசம்பர் 19
வேன்காரரிடம் பேசியாச்சு. கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை, அப்புறம் கொட்டாவையில் ஹைவே ஏறினால் தெற்கே நேராக இறங்கலாம். கித்துல்கலயிலேயே ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம் என்கிறார். 25ஆம் திகதி விடியப் புறப்பட வேண்டும். 26 காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம், அப்போது அங்கே நிற்க வேண்டுமாம். இருபது வருஷம். அண்ணிக்கும் இதை இப்போதுதான் சொல்லியிருக்கிறார். "பாசிக்குடான்னு கேட்டுட்டேனே" என்று அண்ணி எனக்குத் தனியாக மெசேஜ் போட்டிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆமை பார்க்கப் போகிறோம் என்று இருக்கிறார்கள்.

டிசம்பர் 20
கம்பளி ஆறும் காய்ந்தது.

டிசம்பர் 21
டோஹாவில் இறங்கிவிட்டார்கள். சின்னவள் தூங்குகிற படம் வந்தது, தலைக்குக் கீழே அண்ணனின் ஜாக்கெட்.

வேன் ஏழரைக்கு வரும். அம்மா ஐந்து மணிக்கே சேலை மாற்றிவிட்டார். 25ஆம் திகதிக்கும் வேனில் தனக்கு ஒரு சீட் சொல்லச் சொல்கிறார். கொழும்பைத் தாண்டினால் வாந்தி எடுப்பவர், கடல் பக்கமே வர மாட்டேன் என்று இருபது வருஷமாகச் சொன்னவர். "அங்க வந்து என்னம்மா செய்யப் போறீங்க?" என்றேன்.

"புள்ளைங்களப் புடிச்சுக்குவேன்."

ஏழு சீட். சாமானையும் சேர்த்தால் இந்த வேன் போதாது, பெரியது கேட்க வேண்டும். போனைச் சார்ஜில் போட்டு