பத்து மில்லி ஆம்பூலும் முதல் யூனிட்டும்

நர்சிங் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடலியல் எடுக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வகுப்பு களைகட்டுவது இதயம் வந்த பிறகுதான் என்று. ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள், வால்வு என்று போர்டில் படம் போட ஆரம்பித்ததும் கடைசி பெஞ்சுகூடக் கலர் பென்சிலை எடுத்துவிடும். அதற்கு முன்னால் வருகிற முதல் யூனிட் இருக்கிறதே, செல், செல் சவ்வு, உடல் திரவங்கள், அது யாருக்கும் ஒட்டாது. எடுக்கிறவர்களுக்கும்தான். "இதெல்லாம் பத்தாங்கிளாஸ்லயே படிச்சதுதானே" என்று வேகமாக ஓட்டிவிட்டு ரத்த ஓட்டத்துக்குத் தாவிவிடுவார்கள்.

வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு ட்யூட்டராக வந்தவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இதயத்தை வரைந்து பாகம் குறிக்கும் வேலை வார்டில் எனக்கு வந்ததே இல்லை. ஆனால் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம் என்ற ஒரு வரி தேவைப்படாத ஷிஃப்ட் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ வகுப்பில் ப்ளஸ் டூவில் உயிரியல் படித்த பிள்ளையும் இருக்கும், வணிகவியல் குரூப்பிலிருந்து வந்த பிள்ளையும் இருக்கும். பி.எஸ்ஸி.யில் எல்லாருமே உயிரியல் படித்தவர்கள். நீட் எழுதிப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். சலைன் பாட்டிலைக் கையில் கொடுத்து, "இதை ஏத்தினா எங்கே போகும்?" என்று கேட்டால், "நரம்புக்குள்ள மேடம்" என்பார்கள். அதற்கு அப்புறம் எங்கே என்றால் முழிப்பார்கள். இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே மாதிரி முழிப்பதுதான் வேடிக்கை.

அதனால் நான் கணக்கிலிருந்து தொடங்குவேன். 70 கிலோ எடையுள்ள ஆள் ஒருவர். அவர் உடம்பில் தண்ணீர் சுமார் 42 லிட்டர். அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே, 14 லிட்டர் வெளியே. அந்த 14இல் ரத்தக்குழாய்க்குள் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியாக ஓடுவது 3 லிட்டர் சொச்சம்தான். இந்த நான்கு எண்களையும் போர்டின் மூலையில் எழுதி அழிக்காமல் விட்டுவிடச் சொல்வேன். யூனிட் முடிகிறவரை அதைத் தொட்டால் திட்டு விழும்.

அடுத்து லேபுக்குக் கூட்டிப்போவேன். சோதனை முடிந்து மிஞ்சிய, உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. என்ற உப்பு சேர்த்த ரத்தம், கையுறை, மூன்று டெஸ்ட் ட்யூப். ஒன்றில் 0.9 சதவீத சலைன் (நார்மல் சலைன் என்கிற உப்புக் கரைசல்), ஒன்றில் டிஸ்டில்டு வாட்டர், ஒன்றில் 3 சதவீத சலைன். ஒவ்வொன்றிலும் சில சொட்டு ரத்தம். மூன்றுமே முதல் பார்வைக்குச் சிவப்புத்தான். ட்யூபுக்குப் பின்னால் தினத்தந்தியைப் பிடிக்கச் சொல்வேன். 0.9 சலைன் ட்யூப் வழியாக ஓர் எழுத்தும் தெரியாது, கலங்கலாக இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ட்யூபில் கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலத் தலைப்பை வாசித்துவிடலாம். ஒளியைத் தடுத்துக்கொண்டிருந்த செல்கள் தண்ணீரைக் குடித்து வெடித்துவிட்டன, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் கரைந்துவிட்டது. 3 சதவீத ட்யூபும் கலங்கல்தான். அதில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செல்கள் தண்ணீர் இழந்து ஓரமெல்லாம் முள்முள்ளாய்ச் சுருங்கிக் கிடக்கும். ஊசி மருந்துப் பொடியைக் கரைக்கிற அந்தக் குட்டி டிஸ்டில்டு வாட்டரை ஏன் பாட்டில் கணக்கில் நேரடியாக ரத்தத்தில் ஏற்றக்கூடாது என்று இதற்குப் பிறகு நான் சொல்லத் தேவையே இருக்காது.

கையோடு குளுக்கோஸ் விவகாரத்தையும் எடுத்துவிடுவேன். நம் ஊரில் நர்ஸாக இருந்தால், "சிஸ்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க, தெம்பா இருக்கும்" என்ற வார்த்தையைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. அந்த குளுக்கோஸ் பாட்டில், அதாவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அரை லிட்டர் என்றால் அதில் சர்க்கரை 25 கிராம். நூறு கலோரிகூட முழுசாகத் தேறாது. இரண்டு இட்லியில் கிடைத்துவிடும். அந்தச் சர்க்கரையை உடம்பு எரித்த பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். மூலையில் இருக்கிற எண்களைப் பார்த்தால் அந்தத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்லுக்குள் போய்விடும், ரத்தக்குழாயில் தங்குவது 40 மில்லி போல. அதே அரை லிட்டர் நார்மல் சலைன் என்றால் சோடியம் அதைச் செல்லுக்கு வெளியே பிடித்து வைக்கும். குழாய்க்குள் நூறு மில்லிக்கு மேல் நிற்கும். ரத்தம் இழந்து பி.பி. விழுந்து கிடப்பவருக்கு டாக்டர் ஏன் குளுக்கோஸ் எழுதுவதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. இதைப் போட்ட அன்றைக்கு ஒரு பிள்ளை, "அப்ப எங்க ஆயா இவ்வளவு நாளா ஏத்திக்கிட்டதெல்லாம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆயாவுக்குத் தெம்பு வந்ததென்னவோ உண்மையாகவும் இருக்கலாம், நான் அதற்குள் போகவில்லை.

ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) என்று நாம் ஏற்றுகிற பாட்டிலில் இருக்கிற 'ஆர்', சிட்னி ரிங்கர் என்கிற லண்டன் மருத்துவர். 1880களின் தொடக்கத்தில் தவளை இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசல் தயாரித்தது டிஸ்டில்டு வாட்டரில் இல்லை, குழாய்த் தண்ணீரில். சுத்தமான தண்ணீரில் செய்து பார்த்தால் இதயம் சீக்கிரமே நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை வேலை செய்திருக்கிறது. அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1930களில் லாக்டேட் சேர்த்து அதை இன்றைய ஆர்.எல். ஆக்கினார். அந்தக் கால்சியத்தால்தான் ரத்தம் ஏற்றுகிற லைனில் ஆர்.எல். ஓடவிடக்கூடாது என்கிறோம். ரத்தப் பையில் உறையாமல் இருக்கப் போட்டிருக்கிற சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்து வைத்துத்தான் வேலை செய்கிறது. மேற்கொண்டு கால்சியம் வந்து சேர்ந்தால் குழாயிலேயே உறைந்துவிடலாம். "ரத்தத்தோட நார்மல் சலைன் மட்டும்தான்" என்று வார்டு சிஸ்டர் சொல்கிற சட்டத்துக்குப் பின்னால் ஒரு தவளை இருக்கிறது என்றால் பிள்ளைகள் மறப்பதில்லை.

பேதிக்குக் குடிக்கக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன், அதை சமூக நல நர்சிங்கில் விரிவாகப் படிப்பார்கள். குடல் சுவர் செல்லில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் ஜோடியாக உள்ளே போகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960இல் சொன்னார். பேதியில் குடல் எவ்வளவு கெட்டாலும் அந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. 1971இல் மேற்கு வங்கத்தில் இருந்த வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்து, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் குடிக்கவே கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பாக்கெட்டில் இருக்கிற 20.5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கக்கூடாது என்று ஏன் வற்புறுத்துகிறோம் என்பதற்கு அந்த மூன்றாவது டெஸ்ட் ட்யூபைக் காட்டினால் போதும்.

இத்தனையும் பொட்டாசியத்துக்கு வருவதற்காகத்தான்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல், அதாவது ஊசி மருந்து வருகிற குட்டிக் குப்பி, 10 மில்லி. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். லேபிளைப் பார்க்காவிட்டால் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒன்றை ஒரு பிள்ளை கையில் கொடுத்து, இதில் 20 மில்லி ஈக்குவலண்ட் (உப்புகளை அளக்கிற அலகு) பொட்டாசியம் இருக்கிறது, உன் பிளாஸ்மா முழுவதிலும் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடச் சொல்வேன். பிளாஸ்மா 3 லிட்டர், லிட்டருக்கு 4. பன்னிரண்டு. அந்த எண் போர்டில் விழுந்ததும் ஆம்பூலைப் பிடித்திருக்கிற விரல்கள் மாறும், மெதுவாக டேபிளில் வைத்துவிடுவார்கள். உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற அந்த ஏற்றத்தாழ்வில்தான் இதயத் தசை மின்சாரம் உண்டாக்குகிறது. வெளியே திடீரென்று கூட்டினால் இதயம் தளர்ந்த நிலையிலேயே நின்றுவிடும். இதய அறுவை சிகிச்சையில் வேண்டுமென்றே இதைச் செய்து இதயத்தை நிறுத்துகிறார்கள். ஆகவே நேரடியாக ஊசியில் தள்ளுவது எந்தக் காலத்திலும் கிடையாது. கலந்து, மெதுவாக, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்குவலண்டுக்கு மேல் போகாமல். தொங்குகிற பாட்டிலில் செலுத்திவிட்டு அப்படியே திறக்கக்கூடாது, கனமான மருந்து அடியில் தங்கி முதலில் அதுதான் இறங்கும். கழற்றிப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். சிறுநீர் போகிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது.

ரத்தம் எடுக்கும் பாடமும் இங்கேயே முடிந்துவிடுகிறது. மெல்லிய ஊசியில் எடுத்து ட்யூபுக்குள் வேகமாகப் பீய்ச்சினால் செல் உடையும், உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வரும், ரிப்போர்ட்டில் 6.8 என்று வரும், டாக்டர் ஓடிவருவார், நோயாளி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஊதா மூடி ட்யூபில் எடுத்ததைச் சிவப்பு மூடிக்கு மாற்றினாலும் இதே கதை, அந்த இ.டி.டி.ஏ.வே பொட்டாசியம் உப்புதான். லேபிலிருந்து "ஹீமோலைஸ்டு (செல் உடைஞ்சிருக்கு), திரும்ப அனுப்புங்க" என்று போன் வந்தால் சலித்துக்கொள்கிறவர்களுக்கு அந்தச் சிவப்புக் கண்ணாடி ட்யூபை ஞாபகப்படுத்துவேன்.

பரீட்சையில் உடல் திரவங்கள் ஐந்து மார்க் கேள்வியாக வரும், சாய்ஸில் விட்டுவிடலாம். இதயத்துக்குப் பதினைந்து மார்க். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அதனால் இன்டெர்னல் வைவாவில் எலும்பையும் மாடலையும் ஓரம் கட்டிவிட்டு, ட்ரேயில் நாலு பாட்டிலும் ரெண்டு ஆம்பூலும் வைத்து, லேபிளை வாசிக்கச் சொல்லி அங்கிருந்து கேட்கிறேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒருமுறை ட்ரேயைப் பார்த்துவிட்டு, "இது மெட்-சர்ஜ் (மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்) பாடமாச்சே மேடம், ஃபர்ஸ்ட் இயர்ல எதுக்கு?" என்றார். க்ளினிகல் போஸ்டிங் முதலாண்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது, பாட்டில் மாட்டுகிறவர்கள் இவர்கள்தான் என்றேன். அவர் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. நான் ட்ரேயை எடுக்கவில்லை.