மக்கு வேலை

மூன்று வாரமாகத் தஞ்சாவூர் ஓவியம் கற்கிறேன். இன்னும் வண்ணத்தைத் தொடவில்லை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழப்பாகத் தேய்க்கவே இத்தனை நாள்.

நேற்றுதான் மக்கு வேலை, அதாவது குழைத்த பசைக் கலவையால் படத்தில் புடைப்பு எழுப்புவது. கிருஷ்ணர் கழுத்து மாலையில் தூரிகை நுனியால் ஒவ்வொரு மணியாக வைக்க வேண்டும். நீர்த்தால் வழிந்துவிடும், கெட்டியானால் வால் முளைத்து நிற்கும். ஒன்பது மணி வைப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. 22 காரட் தங்கத்தாளை இதன்மேல்தான் ஒட்டுவார்கள். அந்தப் புடைப்பில் பட்டுத்தான் விளக்கு வெளிச்சம் அப்படித் தகதகக்கிறது!

பாட்டி வீட்டுப் பூஜை அறைப் படத்தில் இதே மாலை உண்டு. எத்தனை முறை கும்பிட்டிருப்பேன், ஒரு மணியைக்கூட உற்றுப் பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் முதலில் அதன் முன்னால்தான் உட்காரப் போகிறேன்.